நெளிந்த தட்டு

இறந்துபோன அப்பாவின் சட்டைப் பையில் கையை விட்டுத் துழாவுவது மகளுக்குத் திருடுவது போல இருந்தது. இரண்டு சாவிகள், வளைந்த கம்பி ஒன்று, மடித்த உப்புத்தாள், சாவிக்கு அச்செடுக்கும் மெழுகு. அடையாள அட்டை மட்டும் இல்லை. உடம்பில் சூடு இன்னும் முழுதாகப் போகவில்லை. விலாவில் விரல் பட்டபோது அவர் கூச்சத்தில் நெளிவார் என்றே ஒரு கணம் எதிர்பார்த்தாள்.

"கெடைச்சுதாம்மா?" என்று வாசலில் நின்றபடி கேட்டார் மருந்துக்கடைக்காரர். தெருவில் நல்லது கெட்டது எதுவானாலும் முன்னால் நிற்பவர் அவர்தான். "பன்னண்டு மணிக்குள்ள சாவடியில கார்டைக் காட்டணும். அப்பத்தான் எடுக்கறதுக்குச் சீட்டு குடுப்பான். மூணு மணிக்கு ஊரடங்கு வேற."

"செத்தவருக்கு எதுக்குங்க கார்டு?" என்றார் பின்னால் நின்ற ஒருவர்.

"நாமளாவது ஓடி ஒளிவோம். செத்தவர்கிட்டதான் அவன் கறாரா கேப்பான்."

கேட்டவர் சிரித்துவிட்டார். சாவு வீடு என்பது நினைவுக்கு வந்ததும் அதை இருமலாக மாற்றிக்கொண்டார்.

அட்டை கால்சட்டையின் பின்பையில் இருந்தது, வருடக்கணக்காக உட்கார்ந்து உட்கார்ந்து வளைந்துபோய். புகைப்படத்தில் அப்பா யாரோ அதட்டியது போல விழித்துக்கொண்டிருந்தார். கீழே, தொழில்: பூட்டு பழுது. அவள் அதைத் துடைத்துக் கொடுத்தாள். மருந்துக்கடைக்காரர் வாசற்படியைத் தாண்டாமலே கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.

அந்த நீட்டிய கையையே அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். காலையிலிருந்து வந்த ஆண்கள் ஐந்து பேரும் வாசலோடு நின்றுவிட்டார்கள். உள்ளே வந்து தலைமாட்டில் உட்கார்ந்தது மாடி வீட்டு அக்கா ஒருத்திதான். சவத்தோடு பத்துப் பேர் போகலாம் என்பது சாவடிச் சட்டம். பத்து எதற்கு, தூக்க நாலு தோள் வேண்டும். வெளியே நிற்பவர்கள் தோள் கொடுப்பார்களா, இதோ வருகிறேன் என்று நழுவிவிடுவார்களா என்று அவளுக்குத் தெரியவில்லை. அறுபத்தாறு வருடம் இதே தெருவில் வாழ்ந்தவர், அத்தனை வீட்டுக் கதவிலும் கை வைத்தவர். அவரைத் தூக்க ஆளில்லாமல் போய்விடுமோ என்று பயந்தாள். அப்படிப் போனால் அது அவராகத் தேடிக்கொண்டதுதானே என்று உள்ளுக்குள் ஒரு குரல் சொன்னது. அந்தக் குரலுக்காகத் தன் மேலேயே வெறுப்பாக இருந்தது.

தெருமுனையில் சோதனைச் சாவடி வந்து ஏழு மாதம். மணல் மூட்டைகள், ஒரு தகரக் கூரை, பாதைக்குக் குறுக்கே ஒரு கம்பு. வேற்று நாட்டிலிருந்து வந்த சிப்பாய்கள் அங்கே முறை வைத்து நின்றார்கள். தெருவின் மொழியில் அவர்களுக்கு நாலே வார்த்தைதான் தெரியும். நில், காட்டு, திற, போ. அந்த நாலை வைத்துக்கொண்டே தெருவை ஆட்டிப்படைத்தார்கள். தெருவும் தன் பங்குக்கு ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டது. அட்டையைக் காட்டுவதற்கு மேல் அவர்களிடம் பேச்சு வார்த்தை கூடாது, முகம் கொடுக்கக் கூடாது.

சோதனைக்கு வந்தால் கதவைத் தட்ட மாட்டார்கள், உதைப்பார்கள். அதனால் அப்பாவுக்கு ஓயாத வேலை. "எனக்கு வேலை தேடிக் குடுக்கறதுக்குன்னே கடல் தாண்டி வந்திருக்கானுங்க" என்பார். பிளந்த கதவு நிலைகளைப் பார்த்துப் பார்த்து அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். தாழ்ப்பாளை நீளத் திருகாணி போட்டு முறுக்காமல், இரண்டே இரண்டு குட்டைத் திருகாணியில் நிறுத்திவிடுவார். உதைத்தால் தாழ்ப்பாள் மட்டும் தெறித்து விழும், நிலை பிழைத்துக்கொள்ளும், மறுநாள் ஐந்து நிமிடத்தில் திரும்ப மாட்டிவிடலாம். யாராலும் திறக்க முடியாதபடி பூட்டுவதே தொழிலாக இருந்தவர், கடைசிக் காலத்தில் ஒரே உதையில் திறக்கும்படி கதவுகளைச் செய்துகொண்டிருந்தார். தெருவில் இன்று எல்லாக் கதவும் அவருடைய குட்டைத் திருகாணியில்தான் நிற்கிறது.

மாடி வீட்டுக்கு அவர் அதைச் செய்வதற்கு முன்பே உதை விழுந்துவிட்டது. மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு விடியற்காலை, ரொட்டி வண்டி ஓட்டிக்கொண்டிருந்த அக்காவின் மகனைச் செருப்பு மாட்டக்கூட விடாமல் இழுத்துக்கொண்டு போனார்கள். எங்கே வைத்திருக்கிறார்கள், இருக்கிறானா இல்லையா, ஒன்றும் தெரியவில்லை. மகள் அன்றைக்குக் கதவிடுக்கு வழியாகப் பார்த்தாள். படிக்கட்டின் கீழே விளக்கைப் பிடித்து நின்ற சிப்பாயின் முகம் நன்றாகத் தெரிந்தது. சின்ன வயது. காதுகள் இரண்டும் தலைக்கவசத்தில் அடங்காமல் மடங்கி நின்றன. தெருவில் அவனுக்குக் காதன் என்று ஏற்கெனவே பெயர்.

அந்தக் காதனிடம்தான் அப்பா தினமும் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டுக்கொண்டு போவார். அவருக்கு அது வணக்கம் சொல்வது மாதிரி. பூட்டோடு வருகிறவர், தண்ணீர் லாரிக்காரர், படுத்திருக்கும் நாய், யாரையும் அதைக் கேட்காமல் தாண்ட மாட்டார். நாளாவட்டத்தில் காதனும் அவர் தூரத்தில் வரும்போதே "சாப்பிட்டாச்சா?" என்று முந்திக்கொள்ள ஆரம்பித்தான். அவனுக்குத் தெரிந்த ஐந்தாவது வார்த்தை அது. மாடி வீட்டில் அப்படியெல்லாம் நடந்த பிறகாவது அப்பா நிறுத்துவார் என்று மகள் நினைத்தாள். அவர் நிறுத்தவில்லை. அடுத்த மாதம் ஒரு மழை நாளில், மத்தியானச் சாப்பாட்டுக்கு அவனை வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

அவள் அப்போதுதான் சோற்றை இறக்கியிருந்தாள். இரண்டு பேரும் சொட்டச் சொட்ட நின்றார்கள். அப்பா குடைகள் சாய்த்து வைக்கும் மூலையைக் காட்டினார். அவன் கொஞ்சம் தயங்கிவிட்டு, துப்பாக்கியைத் தோளிலிருந்து கழற்றி அங்கே குடைகளோடு குடையாகச் சாய்த்து வைத்தான்.

"ரெண்டு பேருக்கும் போடும்மா" என்றார் அப்பா.

"யாருன்னு தெரிஞ்சுதான் கூட்டிட்டு வந்தீங்களா?"

"தெரியும். போடு."

அவள் போட்டாள். அப்பாவுக்கு அவருடைய விளிம்பு வைத்த பெரிய தட்டில், மேலாக எடுத்த நல்ல சோறு, பருப்பு, முட்டை. அவனுக்கு அலமாரிக்குப் பின்னால் கிடந்த, ஒரு பக்கம் நெளிந்துபோன பழைய தட்டு. அதில் பானையின் அடியைச் சுரண்டிக் கருகின சோற்றைப் போட்டாள். அது தெரிந்தே செய்தது. கரண்டி பானையில் உரசும் சத்தம் இரண்டு பேருக்கும் கேட்கட்டும் என்றேதான் சுரண்டினாள். அப்பா நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு நெளிந்த தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, தன் தட்டை அவன் முன்னால் தள்ளினார். "அடிச்சோறு எனக்குப் பிடிக்கும்" என்றார், பொதுவாக. அவருக்கு அது பிடிக்கவே பிடிக்காது.

காதன் தலையைக் குனிந்தே சாப்பிட்டான். பசிதான். ஆனால் அவசரப்படவில்லை. கீழே சிந்தின பருக்கைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் சேர்த்து வைத்தான். பாதிச் சாப்பாட்டில் அப்பா, "மாடியில துணி நனையுது பாரு, எடுத்துட்டு வந்துடும்மா" என்றார். துணியெல்லாம் எப்போதோ நனைந்தாகிவிட்டது. அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதற்கு இது மேல் என்று போனாள். திரும்பி வந்தாள். காதன் சட்டைப் பையின் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தான். எழுந்து தட்டைத் தானே கழுவப் போனான். அவள் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

அந்தப் பெரிய தட்டை அவள் மூன்று தடவை தேய்த்தாள். அப்படியும் ஆறாமல் பரண் மேல் எறிந்துவிட்டாள். அன்றிலிருந்து அப்பா நெளிந்த தட்டில்தான் சாப்பிட்டார். பெரிய தட்டு எங்கே என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

மழையில் யார் பார்த்தார்களோ, சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. பூட்டுக்காரர் வீட்டில் விருந்தாமே என்றார்கள். அவர் வந்தால் பேச்சு நின்றது. குட்டைத் திருகாணி தெறித்து விழுந்தாலும் அவரைக் கூப்பிடாமல் தாங்களே மாட்டிக்கொண்டார்கள். நேராகக் கேட்டவர்களிடம் அவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவள் வேலை பார்க்கும் குடிநீர் அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரி நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டாள். அன்று மகள் வீட்டுக்கு வந்து கத்தினாள். "உங்களுக்கு வெக்கமே இல்லையாப்பா?"

"இருக்கும்மா" என்றார் அவர். "நெறையவே இருக்கு."

அதற்குப் பிறகு அவள் அவரோடு சரியாகப் பேசவில்லை. இரண்டு மாதம். இன்று காலையும் தன் பூட்டுக் கடைக்குக் கிளம்பும்போது அவர் வாசலில் நின்று, "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டார். அவள் குழாயைத் திறந்துவிட்டு, கேட்காதது போலப் பாத்திரம் தேய்த்தாள். அவர் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார். கால் மணி நேரத்தில் கதவு காலால் இடிபட்டது. சோதனை என்று நினைத்துத் திறந்தாள். காதன் இரண்டு கையிலும் அப்பாவை ஏந்திக்கொண்டு நின்றான். துப்பாக்கி முதுகில் தொங்கி ஆடியது. சாவடிக்கு இருபதடி முன்னால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாராம். தெரு முழுக்க ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறது. சிப்பாய் ஓடுகிறான் என்றதும் ஒரு கதவும் திறக்கவில்லை. அவன் அப்பாவைக் கட்டிலில் கிடத்தினான். மூக்கின் கீழே விரலை வைத்துப் பார்த்தான். சாவடியிலிருந்து விசில் கேட்டது. போய்விட்டான். அவள் அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மூச்சிரைத்தவனுக்கு ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

பன்னிரண்டரைக்கு மருந்துக்கடைக்காரர் சீட்டோடு வந்தார். மற்ற நாலு பேரும் அவரைச் சுற்றி நின்று மெதுவாக ஏதோ பேசிக்கொண்டார்கள். பிறகு அவர் தொண்டையைக் கனைத்தார்.

"தப்பா எடுத்துக்காதம்மா. இதைக் கேக்கற நேரமில்லைதான். ஆனா நாளைக்கு நாங்க நாலு பேருக்குப் பதில் சொல்லணும். அந்தக் காதன் இந்த வீட்டுல சாப்பிட்டான்னு பேசிக்கறாங்க. உள்ளே ஒக்காந்திருக்கே ஒரு தாய், அதுக்காகவாவது கேட்டுத்தான் ஆகணும். நீ ஒரு வார்த்தை சொல்லிடு. தூக்கிடறோம்."

மாடி வீட்டு அக்கா தலையைத் தூக்கவில்லை. முந்தானையின் ஓரத்தை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

மகள் வாயைத் திறப்பதற்குள் வாசலில் நின்றவர்கள் விலகினார்கள். காதன் நின்றுகொண்டிருந்தான். துப்பாக்கி இல்லை, தலைக்கவசம் இல்லை. தோளில் ஒரு பெரிய பை. கவசமில்லாத தலையில் காதுகள் இன்னும் பெரிசாகத் தெரிந்தன. படியேறி வந்து கட்டிலைப் பார்த்தான். அப்பாவின் தாடையைக் கட்டியிருந்த துணியைப் பார்த்தான். பிறகு அவள் பக்கம் திரும்பினான். ஏதாவது சொல்ல வேண்டும் என்று தவித்தது தெரிந்தது. அவனிடம் இருந்த ஐந்து வார்த்தையில் நாலு அந்த இடத்துக்கு ஆகாது.

"சாப்பிட்டாச்சா?" என்றான்.

சொல்லிக்கொண்டே சட்டைப் பையின் பொத்தானைக் கழற்றிக் கையை உள்ளே விட்டான்.

ஐந்து ஆண்களும் அவளைப் பார்த்தார்கள். நாலு தோள், நாலு தோள் என்று அவளுக்குள் அடித்துக்கொண்டது.

"யாரு நீ?" என்றாள். குரல் அவள் நினைத்ததைவிட உரக்க வந்தது. "உன்னை யாருன்னே தெரியாது. எங்க வீட்டுல உனக்கென்ன வேலை? போ!"

போ என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். நாள் முழுக்கத் தெருவிடம் அவன் சொல்வது அதைத்தான். கை பைக்குள்ளேயே நின்றது. அக்காவை ஒரு தடவை பார்த்தான். வெறும் கையை வெளியே எடுத்து, பொத்தானைப் போட்டுக்கொண்டு, படியிறங்கிப் போனான்.

"சரி, தூக்குங்கப்பா" என்றார் மருந்துக்கடைக்காரர்.

தூக்கினார்கள். நன்றாகவே தூக்கினார்கள். எதிர் வீட்டிலிருந்து இன்னும் மூன்று பேர் வந்து சேர்ந்துகொண்டார்கள். சாவடியில் கம்பு உயர்ந்தது. இரண்டு மணிக்குள் எல்லாம் முடிந்து, கையைக் காலைக் கழுவிக்கொண்டு அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். போகும்போது ஒருவர், "உங்கப்பா மாதிரி மனுஷன் கெடைக்க மாட்டாரும்மா" என்றுகூடச் சொன்னார். அவள் தலையாட்டினாள். இந்த வார்த்தையை எதை விற்று வாங்கினோம் என்று அவளுக்குத் தெரியும்.

வீட்டில் கட்டில் காலியாக இருந்தது. அக்கா மாடியிலிருந்து சோறும் பருப்பும் ஒரு தூக்குவாளியில் கொண்டுவந்தாள். கீழே வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"ஒக்காருங்கக்கா. நான் அவனை வெரட்டினது உங்களுக்காகவுந்தான்."

"எனக்காகன்னு சொல்லாத" என்றாள் அக்கா. அவள் உட்காரவில்லை. "அவனைச் சாப்பிடக் கூப்பிடச் சொன்னதே நாந்தான்."

மகளுக்குப் புரியவில்லை.

"எம்பிள்ளையைப் பிடிச்ச அன்னிக்கு வெளக்குப் பிடிச்சவன் அவன்தானே. அவனுக்குத்தானே தெரியும், எங்க கொண்டுபோனாங்கன்னு. சாவடியில போய்க் கேட்டா நாலு பேர் பாப்பாங்க. போட்டோவையும் பேரு எழுதின சீட்டையும் உங்கப்பாகிட்ட குடுத்தேன். யார்கிட்டயும் மூச்சு விடாதீங்கண்ணே, சிப்பாய்கிட்ட பேச்சு வெச்சுக்கிட்டோம்னு தெரிஞ்சா காட்டிக்குடுக்கறவன்னு எம்பிள்ளைக்குப் பேர் வந்துடும்னு சத்தியம் வாங்கிக்கிட்டேன். பெத்த பொண்ணுகிட்டகூடச் சொல்லக் கூடாதுன்னு." அவள் மூக்கை உறிஞ்சினாள். "தினம் சாயந்தரம் வரும்போது எங்க ஜன்னலை நிமிர்ந்து பாப்பாரு. இன்னும் இல்லைன்னு தலையாட்டிட்டு உள்ள போவாரு."

மகள் அதைப் பார்த்திருக்கிறாள். மழை வருமா என்று வானத்தைப் பார்க்கிறார் என்று நினைத்திருந்தாள்.

"தெருவே அவரை ஒதுக்கினப்ப நான் வாயைத் தொறக்கலை. இன்னிக்கும் தொறக்கலை. அவன் சட்டைப் பையில கையை விட்டப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, சேதி கொண்டுவந்திருக்கான்னு. நீ போன்னு சொன்ன. நான் தரையைப் பாத்துக்கிட்டே ஒக்காந்திருந்தேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மூட்டை முடிச்சோட வந்தான், பாத்தியா? வேற எடத்துக்கு மாத்திட்டாங்க போல." என்றாள்.

சுவர்க் கடிகாரத்தில் இரண்டு நாற்பது. மகள் எழுந்து முக்காலியை இழுத்துப் போட்டுப் பரணில் கை விட்டாள். பெரிய தட்டு தூசி படிந்து, ஒரு பழைய குடைக்கு அடியில் கிடந்தது. அதைக் கழுவினாள். தூக்கைத் திறந்து மேலாக இருந்த நல்ல சோற்றை எடுத்து வைத்தாள். பருப்பை ஊற்றினாள். அக்கா முன்னால் போனாள். கதவை அவளுக்காகத் திறந்து பிடித்தாள்.

மறைக்க ஒரு துணிகூடப் போடாமல், தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவள் தெரு நடுவே நடந்தாள். மருந்துக்கடைக்காரர் கடையைப் பாதி சாத்தியவர் அப்படியே நின்றார். ஜன்னல்களில் ஆட்கள் வந்து நின்றது தெரிந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. பருப்பு ஓரத்துக்கு வராமல் பார்த்துக்கொண்டு நடந்தாள்.

சாவடியில் புதியவன் ஒருவன் நின்றான். சட்டையின் மடிப்புகூடக் கலையவில்லை. தகரக் கூரையின் கீழே பெஞ்சு காலியாக இருந்தது. கம்புக்கு அப்பால் சாலையில் லாரிச் சக்கரத்தின் தடம் ஈரமாகத் தெரிந்தது.

"நில்" என்றான்.

நின்றாள். "இங்க இருந்த தம்பி..." என்று ஆரம்பித்து, காதருகே விரலை விரித்துக் காட்ட நினைத்தாள். கை ஒழியவில்லை.

அவன் தட்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"சாப்பிட்டாச்சா?" என்று கேட்டாள்.

அந்த வார்த்தை அவனுக்குத் தெரியவில்லை. கையை நீட்டினான்.

"காட்டு."

அட்டை அவள் இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையில் இருந்தது. தட்டிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. அதைக் கீழே வைக்க மனமில்லாமல், அவள் அதை ஏந்திக்கொண்டே நின்றாள். பின்னால், தெருவின் கோடியில், ஒரு மாடி ஜன்னல் திறந்திருந்தது.